சைவ வீட்டுக் கெளுத்தி

நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் மீன் என்ற சொல்லைக்கூட யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் ‘அது’ என்பார்கள். “பக்கத்து வீட்டுல இன்னைக்கு அது” என்று சொல்லி என் மாமியார் ஜன்னலைச் சாத்தினால், அங்கே சாளைக் குழம்பு கொதிக்கிறது என்று அர்த்தம். எனக்கோ அந்த ஜன்னலருகே போய் நின்றுகொள்ளத் தோன்றும். குலசேகரன்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில், வள்ளத்துக்காரர் வீட்டில் பிறந்தவள் நான். எங்கள் ஊரில் காலையில் மாதா கோயில் மணியும் மீன் ஏலச் சத்தமும் சேர்ந்துதான் கேட்கும். கல்லூரியில் கூடப் படித்தவரைக் காதலித்து, அந்தச் சத்தத்தை எல்லாம் விட்டுவிட்டுத் திருநெல்வேலி டவுனில் ஒரு சைவ வீட்டுக்கு மருமகளாக வந்து சேர்ந்தேன்.

அத்தை, அதாவது என் மாமியார், கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமனார் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. எங்கள் கல்யாணத்துக்கு எதிராக அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் என்னிடம் பேசும்போது மட்டும் “வாங்க, உக்காருங்க, சாப்ட்டீங்களா” என்பார். மகனுக்கு ஏலே, வேலைக்கு வரும் அக்காவுக்கு ஏட்டி, எனக்கு நீங்க. கேட்கிறவர்களுக்கு, ஆகா எவ்வளவு மரியாதையான மாமியார் என்று இருக்கும். எனக்கோ, அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டிய விருந்தாளி போல இருக்கும்.

என் அப்பா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தவறாமல் போன் செய்வார். என் உடம்பைப் பற்றிக் கேட்பார், வள்ளத்தைப் பற்றிச் சொல்வார், கடைசியில் குரலைக் கொஞ்சம் இறக்கி ஒன்று கேட்பார்.

“சம்பந்தியம்மா எப்பம் வாராவ?”

“வருவாங்கப்பா.”

“ஒரு வாய்ச் சோறு நம்ம வீட்டுல சாப்ட்டுட்டாவன்னா போதும்ளா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

பெண் கொடுத்த வீட்டில் சம்பந்தி வந்து உட்கார்ந்து சாப்பிட்டால்தான் கல்யாணம் முழுமையாகும் என்பது அப்பாவின் எண்ணம். எங்களுடையது பதிவுத் திருமணம். பந்தியும் இல்லை, பரிமாறலும் இல்லை. அத்தை வராமல் தான் மட்டும் எங்கள் வீட்டுக்கு வருவதும் முறையில்லை என்று அப்பாவும் வராமல் இருந்தார். கல்யாணமாகி மூன்றாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் அத்தையிடம் நேராகவே கேட்டுவிட்டேன். அவரும் நேராகவே பதில் சொன்னார். “எனக்கு அந்த வாடை தாங்காதும்மா. அங்கன வந்து, இலையில உக்காந்து, வாந்தி எடுத்துட்டேன்னா? அவங்களுக்குல்லா அவமானம். அதுக்கு வராமலே இருந்துரலாம்.” காரணம் நியாயமாக இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் கோபமாக வந்தது.

இந்த லட்சணத்தில்தான் அந்த வீட்டுக்குள் மீன் வந்தது. கொண்டுவந்தது நான் இல்லை, என் கணவர், இவர்தான். இவரோடு வேலை பார்த்த ஒருவர் கோயம்புத்தூருக்கு மாற்றலாகிப் போகும்போது தன்னுடைய கண்ணாடித் தொட்டியை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். தொட்டி கூடத்தில் காலியாகக் கிடந்தது. நவராத்திரிக்கு அதற்குள் கொலு பொம்மை வைக்கலாமா என்று அத்தை யோசித்துக்கொண்டிருந்தார். இவர் மீன்தான் வளர்ப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில் அத்தையும் கூட வந்து பார்த்து, அவருக்குப் பிடித்தால் மட்டும் வாங்குவது என்று முடிவாயிற்று.

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன வளர்ப்பு மீன் கடை. அத்தை வாசலிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அங்கே வாடை எதுவும் இல்லை. தங்க மீனைப் பார்த்து, இவ்வளவு கொழுப்பு எதற்கு என்றார். சண்டை மீனைப் பார்த்து, முகமே சரியில்லை என்றார். அப்புறம் கீழ்த்தட்டில் இருந்த ஒரு தொட்டிக்கு முன்னால் குனிந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

தொட்டியின் அடிமணலில் கட்டைவிரல் நீளத்தில் சில மீன்கள் மேய்ந்துகொண்டிருந்தன. புளி போட்டு விளக்கிய வெண்கலப் பானையின் நிறம். உடம்பில் செதில் கிடையாது. இரண்டு பக்கமும் ஓடு அடுக்கியது போலக் கவசம். வாயில் மீசை. மீசையை மணலுக்குள் விட்டுத் துழாவுவதும், வாய் கொள்ளாமல் மணலை அள்ளிச் செவுள் வழியாகத் துப்புவதுமாக ஒரே சுறுசுறுப்பு. அதில் ஒன்று நிமிர்ந்து அத்தையைப் பார்த்தது. பார்த்துவிட்டு ஒரு கண்ணைக் கீழே உருட்டி மேலே கொண்டுவந்தது.

“ஏலே, என்னப் பாத்துக் கண்ணடிக்குதுலே!” என்றார் அத்தை. நான் அவர் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

கடைக்காரர் சொன்னார்: “அது கோரிம்மா. தென் அமெரிக்கா ஆத்து மீனு. கெளுத்தி வகை. ஆறேழு சேந்து இருந்தாத்தான் சந்தோசமா இருக்கும். கீழ விழுததப் பொறுக்கித் தின்னுட்டு, தொட்டியச் சுத்தமா வச்சிக்கிடும்.”

அத்தையின் காதில் விழுந்தது ‘சுத்தம்’ ஒன்றுதான். அடக்கமாகக் கீழேயே இருக்கிறது, யாரையும் கடிக்கவில்லை, வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறது. அப்படியென்றால் சைவம்தான். வேறு யாரையும் கலந்துகொள்ளாமல் அவரே தீர்மானித்துவிட்டார். ஆறு மீன்களையும் பையில் போட்டு ஆட்டோவில் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு தொட்டி அத்தை கைக்குப் போய்விட்டது. குறுக்குத்துறையில் குளிக்கப் போனபோது ஒரு தூக்குச்சட்டியில் ஆற்று மணல் கொண்டுவந்து, அரிசி களைகிற மாதிரி களைந்து களைந்து போட்டார். போர்வெல் தண்ணீரை ஒரு சொட்டுக்கூட ஊற்ற விடவில்லை. “உப்புத் தண்ணியில பருப்பே வேகாது, மீனு எப்படிலே இருக்கும்” என்று குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரைத்தான் பிடித்து வைத்து ஊற்றினார். எல்லாம் சரிதான். சாப்பாட்டில்தான் வில்லங்கம் வந்தது.

கடைக்காரர் கொடுத்த தீனிப் பொட்டலத்தின் பின்பக்கத்தை அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். முதல் வரியிலேயே மீன் தூள் என்று இருந்தது. “மீனுக்கே மீனாலே? என்ன அக்கிரமம்!” என்று அதைப் பரண்மேல் போட்டுவிட்டார். அன்றிலிருந்து அந்தத் தென் அமெரிக்கக் கெளுத்திகளுக்கு எங்கள் வீட்டுச் சமையல்தான். அவித்த வெள்ளரிக்காய், மசித்த கீரை, பாசிப்பருப்பு, நெய் விடாத வெண்பொங்கல். திங்கட்கிழமை அத்தைக்கு ஒருபொழுது. அன்றைக்கு மீன்களுக்கும் ஒருபொழுது.

அவையும் பாவம், போட்டதை மீசையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தன. கொஞ்சம் தின்றன. அவ்வப்போது ஒன்று சர்ரென்று மேலே பாய்ந்து, ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே வரும். அந்த மீனால் குடல் வழியாகவும் மூச்சு விட முடியும், இது அதன் இயல்பு என்று நான் போனில் படித்துச் சொன்னேன். அத்தை அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். பொங்கல் சாப்பிட்டால் தாகம் எடுக்கத்தானே செய்யும் என்றார்.

கொஞ்ச நாளில் எனக்குச் சந்தேகம் வந்தது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாளெல்லாம் மைக்ராஸ்கோப் வழியாகப் பார்ப்பதுதான் என் வேலை. போதாததற்கு, பிறந்ததிலிருந்து மீன் பார்த்த கண். ஆறு மீன்களின் வயிறும் உள்ளே ஒட்டிக்கொண்டு போயிருந்தது. அப்பாவுக்கு போன் போட்டு, “அப்பா, கெளுத்தி எங்கயாவது சைவமா இருக்குமா?” என்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து போன் அம்மா கைக்கு மாறியது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவை புழு தின்கிற மீன்கள் என்று சொன்னால், அத்தை தொட்டியோடு வெளியே அனுப்பிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. சொல்லாவிட்டால் கண்முன்னால் செத்துப்போகும். இவரைச் சொல்லச் சொன்னேன். இவர் நைசாக நழுவிவிட்டார். அம்மாவிடம் கெட்ட பெயர் வாங்குகிற விஷயம் என்றால் எங்கள் வீட்டு ஆம்பளைக்கு உடனே அவசர வேலை வந்துவிடும். நானே போய், “அத்தை, இது சைவம் இல்ல. புழு கொடுக்கலைன்னா செத்துரும்” என்று பட்டென்று போட்டு உடைத்தேன்.

அத்தை தொட்டிக்கு முன்னால் போய்க் குனிந்து, மீன்களின் ஒட்டிய வயிற்றைப் பார்த்தார். மறுநாள் காலையில் காபி டம்ளரை என்னிடம் நீட்டிக்கொண்டே சொன்னார்: “நாம சைவம். சரி. அது அங்கன பொறந்தது, அது வழக்கம் வேற. நம்ம வீட்டுக்கு வந்த பாவத்துக்குப் பட்டினி கெடக்கணுமா? இந்த வீட்டுல யாரையும் பட்டினி போட்டுப் பழக்கம் இல்ல.”

இவருக்கு உடனே வாய் வந்துவிட்டது. “அப்பம் ஒம் மருமகளும் அப்படித்தானம்மா?”

“அவங்களுக்கு என்னலே கொறை வச்சேன்?”

“கொறை ஒண்ணும் இல்ல அத்தை, சாளைதான் இல்ல” என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். உதட்டோரம் லேசாக இழுத்துக்கொண்டதை நான் கவனிக்காமல் இல்லை.

ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். கடையில் விற்கிற உறைந்த புழு குளிர்சாதனப் பெட்டிக்குள் வரக்கூடாது. அதில் இட்லி மாவு இருக்கிறது, சாமிக்குத் தொடுத்த பூ இருக்கிறது. வேறு வழி தேட வேண்டும். தேடினோம். மொட்டை மாடியில் ஒரு பழைய வாளியில் தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் காய்ந்த இலையைப் போட்டு வைத்தால் கொசு வந்து முட்டையிடும், புழு தானாக வரும். அத்தையின் மனசாட்சிக்கும் அது ஒத்துவந்தது. “கொசு நம்மளக் கடிக்கத்தானே போகுது? அதுக்கு முந்தி இதுக திங்கட்டும். இதுல பாவம் பாதிதான்” என்றார். மீதிப் பாதிக்கு நெல்லையப்பர் கோயிலில் ஒரு விளக்கு கூடுதலாகப் போட்டார் என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு நாள் காலையிலும் கோலம் போட்டு முடித்ததும் அத்தை டீ வடிகட்டியோடு மாடிக்குப் போவார். நெளிகிற புழுக்களை முகத்தைத் திருப்பிக்கொண்டு அரித்தெடுத்து வருவார். தொட்டியில் போட்டதும் ஆறும் மீசையை விறைத்துக்கொண்டு பாயும். அப்போது மட்டும் முகத்தைத் திருப்ப மாட்டார். “பைய, பைய, எல்லாருக்கும் இருக்கு” என்று பந்தி பரிமாறுவார். மீன்கள் தேறிவிட்டன. வயிறு உருண்டது. அதிலும் இரண்டு நன்றாகவே உருண்டன.

புழுவளர்ப்பு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது மாநகராட்சியிலிருந்து கொசு ஒழிப்புக்கு ஒரு பெண் வந்தார். வழக்கமாக வருகிறவர்தான். எல்லா வீட்டிலும் தொட்டி, டிரம், தேங்காய்ச் சிரட்டை என்று பார்த்துவிட்டு எங்கள் வீட்டை மட்டும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போவார். தெருவிலேயே சுத்தமான வீடு என்று பெயர். அன்றைக்கு என்னவோ மாடிக்கு ஏறிவிட்டார். நானும் அத்தையும் பின்னாலேயே ஓடினோம்.

வாளிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தவர் இரண்டடி பின்வாங்கினார். “என்னம்மா இது? இவ்வளவு புழு! இத எப்படிம்மா கவனிக்காம விட்டீங்க?”

அத்தை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். வேலை பார்த்த காலத்தில் ஒரு பொய் சொல்லியிருக்க மாட்டார், இப்போது மட்டும் வருமா. “கவனிக்காம ஒண்ணும் விடல. நாந்தான் வளக்கேன்” என்றார்.

நான் அவசர அவசரமாக அந்தப் பெண்ணைக் கீழே கூட்டிப்போய்த் தொட்டியைக் காட்டினேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தை வடிகட்டியைக் கவிழ்த்தார். கெளுத்திகள் வெளுத்துக் கட்டின. அந்தப் பெண் குந்தி உட்கார்ந்து ரசித்துப் பார்த்தார். பார்த்து முடித்துவிட்டு எழுந்து மாடிக்குப் போய் வாளியை அப்படியே தூக்கிவந்து சாக்கடையோரம் கவிழ்த்துவிட்டு, மருந்தும் தெளித்தார். “மீனு அழகா இருக்கும்மா. ஆனா இன்னொரு தடவ வாளியப் பாத்தேன், நீங்க பெரியவங்கன்னுகூடப் பாக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் செய்ததில் தப்பே இல்லை. அன்று சாயங்காலத்துக்குள், சைவக்காரம்மா கொசு வளர்க்கிறார் என்று தெரு முழுக்கப் பரவிவிட்டது. இவர் சிரித்துச் சிரித்து அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அத்தை குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, மேல்தட்டில் ஒரு மூலையை ஒதுக்கினார். பூவையும் மாவையும் கீழே இறக்கினார். “வாங்கிட்டு வாங்க அந்தப் புழுவ. நல்லா மூடி வைக்கணும்” என்றார். நான் உறைந்த ரத்தப்புழுப் பொட்டலத்தை டப்பாவில் போட்டு அங்கே வைத்தேன். எனக்கே சந்தோஷமா பயமா என்று சொல்லத் தெரியவில்லை.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை. ஆற்றில் வெள்ளம் வந்து, குழாயில் செம்மண் கரைத்த மாதிரி தண்ணீர் வந்தது. அதைத் தொட்டியில் ஊற்ற அத்தைக்கு மனசு வரவில்லை. மொட்டை மாடியில் அண்டாவை வைத்து மழைத்தண்ணீர் பிடித்தார். ஜில்லென்று இருந்த அந்தத் தண்ணீரைக் குடம் குடமாக, பைய பைய ஊற்றினார். சளி பிடித்துக்கொள்ளாதா என்று இவர் கேட்டார். மீனுக்கு எங்கேடா சளி என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

எங்களுக்குத் தெரியாத ஒன்று அந்த மீன்களுக்குத் தெரிந்திருந்தது. அவற்றின் ஊரில் மழை வந்து ஆறு குளிர்ந்தால்தான் முட்டையிடுகிற காலமாம். அதை நான் பிறகுதான் படித்தேன்.

மறுநாள் விடிகாலையில் கூடத்திலிருந்து ஒரு கூப்பாடு கேட்டது.

“ஏட்டி! ஏட்டி! ஓடி வாட்டி இங்கன!”

வேலைக்கு வருகிற அக்கா அதற்குள் வந்துவிட்டார் போல என்று புரண்டு படுத்தேன். இவர் என்னை உலுக்கினார். “ஒன்னத்தாம்ளா கூப்புடுதா. எந்திரி!” எனக்குத் தூக்கம் போய்விட்டது. வெறுங்காலோடு ஓடினேன். அத்தை தொட்டிக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில், தொட்டிச் செடியின் இலையில், தண்ணீர் ஓடுகிற குழாயில், எங்கே பார்த்தாலும் ஜவ்வரிசி மாதிரி முட்டைகள். இரண்டு பெண் மீன்களும் வயிற்றடித் துடுப்புகளைச் சேர்த்துப் பை மாதிரி பிடித்து, அதில் முட்டையை ஏந்திக்கொண்டு போய் இடம் பார்த்து ஒட்டிக்கொண்டிருந்தன. “எப்படி ஒட்டுது பாத்தியா! தாய் தாய்தான்” என்று அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அழுதுவிட்டேன். முட்டையைப் பார்த்து அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தத் தாய்களே கொஞ்ச நேரத்தில் முட்டைகளைத் தின்ன ஆரம்பித்தன. அத்தைக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். கோழிமுட்டை ஏற்றியிருந்த வண்டி வாசலில் நின்றாலே தண்ணீர் தெளித்துவிடுகிறவர், தன் விரலாலேயே ஒவ்வொரு முட்டையாக உருட்டி எடுத்து வேறு டப்பாவில் போட்டார். சில நாளில் அவை பொரிந்தன. கண்ணும் வாலும் மட்டும் இருக்கிற துளித்துளிக் குஞ்சுகள், வயிற்றில் மஞ்சள் கரு ஒட்டிக்கொண்டிருந்தது. அது தீரும்வரை கவலை இல்லை. தீர்ந்தபின் உயிருள்ள பொடித் தீனி வேண்டும். உப்புத்தண்ணீரில் வளரும் ஆர்ட்டீமியா என்ற சிற்றிறாலின் குஞ்சுதான் சரி. கடைக்காரரைக் கேட்டால், சென்னையிலிருந்து சரக்கே வரவில்லை, தண்டவாளமெல்லாம் தண்ணீர் என்றார். அவித்த கோழிமுட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டிப் பிழியச் சொன்னார். அத்தை ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்து, “வெளிய அவிச்சுக் கொண்டுவா” என்று இவரை அனுப்பினார். அதுவும் ஆகவில்லை. தண்ணீர் கலங்கிச் சில குஞ்சுகள் செத்தன. அத்தை அன்று மதியம் சாப்பிடவில்லை.

நான் அப்பாவைக் கூப்பிட்டேன். நான் சொல்லி முடிக்குமுன்னே, “அளத்துல செவப்பாத் துள்ளுமே, அதா?” என்றார். உப்பளத்தை எங்கள் பக்கம் அளம் என்பார்கள். “மழையில அளமெல்லாம் ரொம்பிக் கெடக்கு. ஒண்ணுரெண்டு பாத்தியில கெடந்தாத்தான் உண்டு. பாக்கேன்.” அவ்வளவுதான், போனை வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. வாசலில் அப்பா நின்றார். வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் கேன். திருச்செந்தூர் வந்து பஸ் பிடித்து, வழியெல்லாம் கேனைக் குலுங்காமல் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். முறை பார்த்து இத்தனை நாள் வராத மனிதர், இதற்காக வந்துவிட்டார். வந்தவர் கேட்டைத் தாண்டவில்லை.

“உள்ள வாங்கப்பா.”

“இல்லளா. கரையில இருந்து நேரா வாறேன். மேலெல்லாம் கவுச்சி. இந்தா, இதப் பிடி. நான் இங்கனயே நிக்கேன்.”

அதற்குள் அத்தை வாசலுக்கு வந்துவிட்டார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் முதல்முறையாக நேரில் பார்த்தார்கள். பதிவு அலுவலகத்துக்கு அத்தை வரவில்லை. அத்தையின் மூக்கு லேசாகச் சுருங்கியது. கை முந்தானைக்குப் போகப் பார்த்தது. போகவில்லை.

“பிள்ளைக பசியோட கெடக்கு அண்ணாச்சி. பேச நேரமில்ல, உள்ள வாங்க” என்றார்.

அப்பா உள்ளே வந்தார். தோளில் கிடந்த துண்டை மடித்து அளத்துத் தண்ணீரை வடிகட்டினார். பெரிய இறால்கள் துணியில் நின்றுகொண்டன. பொடிகள் கீழே இறங்கின. அவற்றை நான் நல்ல தண்ணீரில் அலசிக் கொடுத்தேன். அத்தை கரண்டி நுனியால் குஞ்சு டப்பாவுக்குள் விட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு குஞ்சு வெடுக்கென்று கவ்வியது. அடுத்து இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கண்ணாடி உடம்புகளில் வயிறு மட்டும் ஆரஞ்சு நிறமாக நிரம்பியது. அப்பாவும் அத்தையும் டப்பாவின் இருபக்கமும் முட்டி போட்டுக்கொண்டு, “இந்தா இது தின்னுட்டு”, “அண்ணாச்சி, அங்கன பாருங்க, அந்த ஓரத்துல ஒண்ணு திங்கல”, “தின்னும் தின்னும், பயப்படாதிய” என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். நானும் இவரும் அந்தப் பக்கம் நிற்பதே அவர்களுக்கு மறந்துபோயிற்று. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அன்று அப்பா எங்கள் வீட்டில் தோசை சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார். கிளம்பும்போது அவர் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டால் தீனியைச் சாக்காக வைத்துக் கேட்டது போல ஆகிவிடும் என்று நினைத்திருக்க வேண்டும். அத்தைதான் கேட்டார்: “இது எத்தன நாளைக்கு வரும் அண்ணாச்சி?”

“ரெண்டு நாளு தாங்கும். நான் திரும்பக் கொண்டாந்து தாரேன்.”

“நீங்க எதுக்கு அலையணும்? ஞாயித்துக்கெழம நாங்க வாறோம்” என்றார் அத்தை. “மத்தியானம் சாப்பாட்டுக்கு அங்கன இருக்கோம்.”

அப்பா தலையை மட்டும் ஆட்டினார். பஸ் நிறுத்தம்வரை நான் கூடப் போனேன். பஸ் ஏறும்போது, “அம்மைட்ட நீ சொல்லு. எனக்குச் சொல்ல வராது” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காரில் போனோம். எங்கள் ஊர் எல்லை வந்ததும் சாலையோரம் கருவாடு காயப்போட்டிருந்தார்கள். நான் ஓரக்கண்ணால் அத்தையைப் பார்த்தேன். அவர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றவில்லை. “நம்ம புழு டப்பாவத் திறந்தா வாற வாடைதான். கொஞ்சம் கூட இருக்கு” என்றார். மூச்சைச் சின்னச் சின்னதாக விட்டுக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் சொன்னார்.

அம்மா குசினியில் காலையிலிருந்து நின்றிருந்தாள். என்ன சமைத்திருக்கிறாள் என்று எனக்கே சொல்லவில்லை. பந்தி போட்டதும்தான் தெரிந்தது, சொதி. தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டு வைக்கும் குழம்பு. திருநெல்வேலிச் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்கு அதைத்தான் பரிமாறுவார்கள். வாழ்நாளில் சொதி வைத்துப் பார்த்திராத அம்மா, யாரிடமோ கேட்டு வைத்திருக்கிறாள். எங்கள் கல்யாணத்துக்கு மறுநாள் நடந்திருக்க வேண்டிய சாப்பாடு. இலையில் ஊற்றும்போது பார்த்தேன், பால் திரிந்து போயிருந்தது. அம்மாவும் பார்த்துவிட்டாள். அவள் முகம் செத்துவிட்டது.

அத்தை சோற்றைப் பிசைந்தார். ஒரு வாய் எடுத்தார். மென்றார். அப்பா கையில் பரிமாறும் வாளியோடு தூணோரம் நின்றார்.

“கொதிக்க விட்டுட்டிய மதினி” என்றார் அத்தை அம்மாவிடம். “கடைசிப் பால ஊத்துனா உடனே எறக்கிரணும். எனக்கும் முதல்ல இப்படித்தான் ஆச்சு. எங்க மாமியார் ஒரு வாரம் சொல்லிக் காட்டுனாவ. இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க. ருசி நல்லாத்தான் இருக்கு.”

அம்மா ஊற்றினாள். அத்தை மறுபடி பிசைந்தார். பிசைந்துகொண்டே அப்பாவைப் பார்த்து, “நீங்க என்ன அண்ணாச்சி அங்கனயே நிக்கிய? வாளியக் கீழ வைங்க. இலையப் போட்டுட்டு வந்து உக்காருங்க, சேந்து சாப்புடுவோம்” என்றார்.

வந்தவர்கள் சாப்பிட்டு முடிக்காமல் எங்கள் வீட்டில் அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு அவர் வாளியைக் கீழே வைத்தார். ஒரு இலையை எடுத்துத் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். அத்தைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் அந்தத் திரிந்த சொதியை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.